லண்டன் பங்காளிகள்

லண்டனில் ஒரு கம்பெனியில் என் பேருக்குப் பங்கு இருக்கிறது என்று வக்கீலம்மா சொன்னபோது, எந்தப் பெரியப்பன் மகன் அங்கே போய்க் குடியேறினான் என்றுதான் நான் முதலில் கேட்டேன். செம்மேட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா நாமக்கல்லிலிருந்து வருகிறவர், எங்கள் மலைக்காரர்களுக்காக வழக்கு நடத்துகிறவர். டீ புரையேறச் சிரித்தார்.

"அந்தப் பங்கு இல்லீங்க பொன்னாயம்மா. இது கம்பெனிப் பங்கு. ஒண்ணு இருந்தாப் போதும், வருசக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேள்வி கேக்கலாம். தலைவரு பதில் சொல்லணும். அந்த ஊருச் சட்டம் அதுக்கு எடம் குடுக்குது."

"அப்ப அங்க பங்கு இருக்கறவங்க எல்லாம் எனக்குப் பங்காளிங்கதானே?"

"அப்படியும் சொல்லலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அப்படியும் சொல்லலாம் என்றதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் மலை உச்சியில் அலுமினியம் செய்கிற கல் கிடக்கிறது. அதை வெட்டுவது நம் நாட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனியில் பெரிய பங்கு லண்டன் கம்பெனியிடம். பின்பக்கத்துப் பட்டியில்தான் என் தங்கச்சி நல்லம்மா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே உச்சியை வெட்டி முடித்த மறு கோடையிலேயே ஊற்று நின்றுபோனது. அடுத்தது எங்கள் பக்கம் என்று வெள்ளைச் சாயம் பூசிய கற்களை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊற்றில்தான் எங்கள் நெல்லும் குச்சிக்கிழங்கும் குடிதண்ணீரும் இருக்கின்றன. அதைக் காப்பாற்றத்தான் நான் போனேன்.

பல தேசத்து மலைக்காரர்களுக்கும் துணை நிற்கிற ஒரு இயக்கத்தார் என் பேருக்கு அந்தப் பங்கை வாங்கி வைத்து, வரச் சொன்னார்கள். வக்கீலம்மாவும் கூட வருவதாக இருந்தது. அவருக்கு விசா கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. கிழவி, ஓடிப்போய் அங்கேயே தங்கிவிட மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் நாளே சென்னை விமான நிலையத்தில் சண்டை. வயதானவர்களுக்கென்று ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொல்லிமலையில் கிழங்கு மூட்டையோடு ஏறி இறங்குகிறவளை உட்கார வைத்துத் தள்ளுவதா? உட்கார மாட்டேன் என்றேன். கடைசியில் என் பையை அந்த நாற்காலியில் வைத்தோம். அந்தப் பெண் அதைத் தள்ளிக்கொண்டு வர, நான் முன்னால் நடந்தேன்.

விமானம் ஏறும்போது காது அடைத்தது. எனக்கு அது புதிதில்லை. மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினாலே காது அடைக்கும். பக்கத்து இருக்கையில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர், மகளைப் பார்க்கப் போகிறவர், எனக்கு பெல்ட்டைப் பூட்டிவிட்டார். சாப்பாடென்று ஒரு தட்டு வந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாகச் சிறை வைத்திருந்தார்கள். எதிலும் உப்பில்லை, உறைப்பில்லை. மடியிலிருந்து எங்கள் மிளகை எடுத்துப் பல்லால் கடித்துக் கடித்துச் சாப்பிட்டேன். நாகப்பட்டினத்தார் கை நீட்டினார், அவருக்கும் நாலு கொடுத்தேன். "இது மொளகு. இவ்வளவு நாளா நாங்க வாங்குனது என்னங்கிறது தெரியலை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

லண்டனில் என்னைக் கூட்டிப் போக வந்தவர் நடராசா. யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக்குத் தப்பி வந்து அங்கே குடியிருக்கிறவர். எனக்கு மொழி சொல்லவும் அவரைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்றார். நல்ல பக்திமான் என்று நினைத்தேன். வண்டியில் போகும்போது "பசிக்குதுங்க" என்றேன், அதற்கும் ஓம். வீட்டுக்குப் போனதும் அவர் ஊட்டுக்காரி புஷ்பம்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, எங்கட ஊரிலை ஓம் எண்டா ஆம்."

அந்த வீட்டில் இரவு இடியப்பமும் சொதியும். தேங்காய்ப்பால் விட்டு மஞ்சளாக ஒரு குழம்பு, அதுதான் சொதி. அதன் ருசி இன்னும் நாக்கிலிருக்கிறது. எவ்வளவு குளிர் வெளியே! எங்கள் மார்கழியை இரண்டு மடங்காக்கிக் காற்றையும் சேர்த்துவிட்ட மாதிரி. புஷ்பம் தன் கம்பளிச் சட்டையை என் சேலைக்கு மேலே மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் பட்டாளத்துக்காரி போலிருந்தேன்.

மறுநாள் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிறது. நகர்கிற படிக்கட்டில் கால் வைக்க மாட்டேன் என்று நகராத படிக்கட்டிலேயே இறங்கினேன், அவருக்கு முந்தி கீழே போய் நின்றேன். அந்தப் பெருமையில் ரயிலில் முதலில் ஏறிவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. நடராசா வெளியே, நான் உள்ளே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார்.

நான் கத்தவில்லை. காட்டில் வழி தப்பினால் அசையாமல் நிற்க வேண்டும், தேடுகிறவர்களுக்கு அதுதான் உதவி. ஆனால் நான் நின்ற இடமே ஓடுகிறதே, என்ன செய்வது? எதிரே தலையில் பெரிய பூப்போட்ட துணி கட்டிய கறுப்பு அம்மா ஒருத்தி இருந்தாள். என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டாள். அடுத்த நிலையத்தில் என் கையைப் பிடித்து இறக்கி, பெஞ்சியில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துப் பாதி தந்தாள். என் மூக்குத்தியைக் காட்டி, தன் மூக்கைத் தொட்டு, வலிக்குமா என்பது போல முகம் சுளித்தாள். நான் சிரித்தேன்.

அடுத்த ரயிலில் நடராசா மூச்சு வாங்க வந்தார். அவள் எழுந்து அவரை ஒரு பிடி பிடித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒரு கிழவியைத் தனிய விட்டிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டனீரோ எண்டு கேக்கிறா."

"கிழவின்னா சொன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை அம்மா. பெரிய மனுசி எண்டு."

மூன்றாம் நாள் கூட்டம். கட்டிடத்துக்கு வெளியே இயக்கத்தார் மேளம் அடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கேதான் தென் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு மலைக்காரரைப் பார்த்தேன். அவர் பேசியதை ஒருத்தர் ஆங்கிலத்தில் சொல்ல, நடராசா எனக்குத் தமிழில் சொல்ல, மூன்று கை மாறி வந்தது: "எங்கட ஊரிலையும் உச்சியைத்தான் முதலிலை வெட்டுறாங்கள். உச்சி மொட்டையானா மழைத்தண்ணி தங்கிறதில்லை." நான் அவர் தோளைத் தட்டினேன். வேறென்ன சொல்ல?

உள்ளே பெரிய மண்டபம். கால் புதைகிற கம்பளம். பங்குக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் நரைத்த தலை, குடையும் கையுமாக வந்திருந்தார்கள். மேடையில் தலைவரும் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்களும். லாபத்தைச் சுவரில் படமாகக் காட்டினார்கள், சிலர் கை தட்டினார்கள், சிலர் தூங்கினார்கள். எங்கள் ஊர்க்கூட்டமும் இப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நிற்போம், கேட்டால்தான் சொல்வோம். இங்கே ஒரே ஒரு பங்குக்காக என் பேரை மைக்கில் கூப்பிட்டார்கள். மிசஸ் பொன்னாயி.

எழுந்தேன். கும்பிட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தேன்.

"பங்காளிங்க எல்லாருக்கும் கும்புடறனுங்க. கொல்லிமலையிலிருந்து வாரேன். இந்த ஊர்ல எனக்கு இத்தனை பங்காளிங்க இருக்கறது இம்புட்டு நாளா எனக்குத் தெரியாம போச்சுங்க."

நடராசா ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபம் சட்டென்று இளகியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கைதட்டல் வந்தது. தலைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிறையப் பேசினார். நல்ல மனுசர்கள், பங்காளி என்றதும் எப்படி உருகுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"தலைவருக்கு நல்ல சந்தோசம் அம்மா" என்றார் நடராசா. அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. "மலைச் சனம் தங்களைக் கம்பெனியின்ரை கூட்டாளி எண்டு சொன்னது பெருமையாம். நீங்களே சம்மதமெண்டால் உங்கட பக்கத்து வேலையைக் கெதியாத் தொடங்கலாமாம்."

"எந்த வேலை?"

"உங்கட மலை உச்சியை வெட்டுற வேலை."

இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் இரண்டு வரிசைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காப்பாற்ற வந்தவள் ஒரு சொல்லில் ஊற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

"ஏனுங்க தம்பி, நான் பங்காளின்னேன். நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"பங்காளி எண்டா கூட்டாளிதானே அம்மா? சேர்ந்து காசு போட்டுக் கடை நடத்துற ஆள்."

"கூட்டாளின்னு எவ சொன்னா? கூட்டாளி வேற, பங்காளி வேறங்க."

மைக் திறந்திருந்தது. லண்டன் மண்டபம் முழுவதும் எங்கள் இரண்டு பேர் சண்டையையும் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் கூடச் சிரித்தபடி காத்திருந்தார்.

"கூட்டாளி வேணும்னாச் சேருவான், நட்டம் வந்தா எந்திரிச்சுப் போயிருவான். பங்காளி போக முடியாதுங்க. ஒரே கொடிவழி. எங்க ஊட்ல ஒரு சாவு வுழுந்தா அவன் ஊட்லயும் தீட்டு. நல்ல காரியம் நிறுத்திருவான். பத்து வருசமாப் பேசாதவனா இருந்தாலும் வந்து பாடைக்குத் தோள் குடுக்கணும். வராம இருந்தா அவன் மனுசனே கெடையாதுங்க."

நடராசா மெதுவாகச் சொன்னார்: "விளங்குது அம்மா. எங்கட ஊரிலையும் உது இருக்கு. துடக்கு எண்டு சொல்லுவம்." மைக்கின் பக்கம் திரும்பித் தான் தவறாகச் சொல்லிவிட்டதாக அவர்களிடம் சொன்னார். சிரிப்பு நின்றது. நான் தொடர்ந்தேன், அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். இந்த முறை அவசரப்படவில்லை.

"பின்பக்கத்துப் பட்டியில ஊத்து செத்துப்போச்சுங்க. என் தங்கச்சி ஊரு. அதை வெட்டுனதுல உங்க பங்கு இருக்குது. அப்பத் தீட்டும் உங்களுக்கு இருக்குது. இன்னைக்கு வரைக்கும் துக்கம் கேக்க ஒருத்தரும் வரல. ஒரு சாவுக்கே வராம, அடுத்த ஊத்துக்குக் கல்லு நட்டுட்டுப் போயிருக்கீங்க. இது எந்த ஊரு மொறைங்க?"

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் காதில் பேசினார். அவர் சட்டம் தெரிந்தவர் போலிருக்கிறது. பிறகு பதில் வந்தது. மலையில் வெட்டுகிற கம்பெனி சட்டப்படி வேறு ஆள், லண்டன் கம்பெனி வேறு ஆள். இவர்களுக்கு அதில் இருப்பது பங்கு மட்டும்தான். அன்றாடம் அங்கே நடப்பதற்கு இவர்கள் பொறுப்பாக முடியாது.

"பங்கு மட்டுந்தான்ங்கறீங்க. அதைத்தானே நானும் சொல்றனுங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. என் நேரம் முடிந்ததென்று மைக்கை அணைத்தார்கள். உட்காரச் சொல்லி ஒரு பெண் சைகை காட்டினாள். நான் உட்காரவில்லை. என்ன செய்வதென்று தெரிந்து நிற்கவில்லை, உட்கார மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாலு வரிசை தள்ளி ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்தாள். ஊன்றுகோலோடு, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, என் வயசு இருக்கும். மைக் இல்லாமலே பேசினாள். நடராசா என் காதில் சொன்னார்:

"எனக்கும் இந்தக் கம்பெனியிலை பங்கு இருக்கு. இந்த மனுசி கேட்டதுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை. ஊற்று வத்தினது உண்மையோ, இல்லையோ?"

தலைவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அங்கொருவர் இங்கொருவராக இன்னும் சிலர் எழுந்தார்கள். கடைசியில், ஆள் அனுப்பிப் பார்க்கிறோம், அதுவரை எங்கள் பக்கத்தில் வேலை தொடங்காது என்று தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்புறம்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். ரொட்டிக்குள் வெள்ளரிக்காயை வைத்துத் தந்தார்கள், பச்சையாக. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தபோது அந்த அம்மா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். பேர் பிரெண்டாவாம். என் வாயில் அது பிரண்டை என்றுதான் வந்தது. எங்கள் வேலியில் படர்கிற கொடி, துவையல் அரைப்போம் என்று நடராசா அவளுக்கு விளக்கினார். அரைக்கும்போது கை அரிக்கும் என்பதையும் சொல்லச் சொன்னேன். அவள் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பங்கு அவள் புருசன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. எங்கே எதை வெட்டுகிறார்கள் என்று இதுவரை கேட்டதில்லையாம்.

"அப்ப எனக்கும் தீட்டோ எண்டு கேக்கிறா" என்றார் நடராசா.

"ஆமாங்க."

"அதுக்கு என்ன செய்யவேணுமாம்?"

"வரோணும்."

"முழங்கால் ஏலாதாம் அம்மா."

"எனக்கும்தான் ஏலாது. நான் வரல?"

நான் மலை திரும்பியபோது செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நல்லம்மா வந்து நின்றாள். "என்னக்கா, மலையைத் திருப்பி வாங்கிட்டு வந்தியா, கம்பளிச் சட்டைதான் வாங்குனியா?" என்றாள். துக்கம் கேட்க வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "ஆமா, வந்துட்டாலும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது.

மழை ஓய்ந்த பிறகு வந்தார்கள். கம்பெனி ஆள் இல்லை. பிரண்டையும், அன்றைக்கு எழுந்து நின்றவர்களில் இரண்டு பேரும், நடராசாவும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, மூஞ்சி வெளுத்து, பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். நார்த்த இலையைக் கசக்கி மோக்கக் கொடுத்தோம்.

நேரே நல்லம்மா பட்டிக்குத்தான் கூட்டிப் போனேன். காய்ந்த ஊற்றடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். பிரண்டை அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நல்லம்மாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் தங்கச்சி, அத்தனை நாள் கேலியாகவே பேசினவள், அவள் தோளில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். மற்றப் பெண்களும் அழுதார்கள். எழுந்து போகும்போது சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதென்று நடராசா முன்பே அவளுக்குச் சொல்லியிருந்தார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நல்லம்மா அதைக் கவனித்தாள்.

அடுத்த வருடக் கூட்டத்தில் பிரண்டையும் இன்னும் பலரும் எழுந்து பேசினார்கள். எங்கள் பக்கத்து வேலையைக் கைவிடுவதாகக் கம்பெனி சொன்னது. அதற்குப் பிறகு தன் பங்கையே யாருக்கோ விற்றுவிட்டுப் போய்விட்டது. வாங்கினவர்கள் இதுவரை எங்கள் பக்கம் வரவில்லை. வந்தால் அவர்களும் பங்காளிகள்தான், போய்க் கேட்பேன். அதெல்லாம் பின்னால் நடந்தது. இன்றைக்கு உட்கார்ந்து நினைத்தால் எனக்கு முன்னால் வருவது பிரண்டையும் மற்றவர்களும் மலையிலிருந்து கிளம்பிய அந்தச் சாயங்காலம்தான்.

எங்கள் ஊற்றடியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டேன். பிரண்டை ஊற்றில் கையை விட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தாள். பல் கூசுகிறதென்று காட்டினாள், மறுபடியும் குடித்தாள். சாயம் பூசிய கல்லின் மேல் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். மேலே ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவள் எழுந்து, நல்லம்மா பட்டியில் செய்த மாதிரியே, யாரையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் நடக்கத் தொடங்கினாள்.

"பிரண்டை, நில்லு" என்றேன். "தம்பி, இங்க சொல்லிட்டுத்தான் போவோணும்னு சொல்லுங்க. இது சாவு ஊடு இல்ல."

நடராசா சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு ஊற்றைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டு, இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள்.

"வாங்க" என்றேன்.